கலைஞரின் கழுத்தும் உம்மாவின் கழுத்தும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பார்கள். சித்திரத்தை எல்லோரும் புகழ்கிறோம். சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

என் உம்மா தையல் வேலை செய்கிறார். தை மாதத்தில் பாடசாலைச் சீருடைகள், நோன்பு மாதத்தில் பெருநாள் உடுப்புகள். ஊசி நுனியைப் பார்த்தபடி தலை குனிந்தே இருக்கும். இரவில் கழுத்தில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்து கண்ணை மூடுவார். "டொக்டரிடம் காட்டுவோமா உம்மா?" என்று கேட்டால், "வேல செஞ்சா நோவாம இரிக்குமா மகள்?" என்பார். உழைப்பவருக்கு வலிப்பது இயல்பு என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

உயர்தர உயிரியலில் தசைகளைப் படிக்கும்போது, தசை வலியைப் பற்றி மேலதிகமாக வாசித்தேன். அப்போது நான் எதிர்பாராத கூட்டமொன்று அங்கே வந்து நின்றது: தொழில்முறை இசைக் கலைஞர்கள். அவுஸ்திரேலியாவில் 8 இசைக்குழுக்களைச் சேர்ந்த 377 கலைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2012 இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 84 பேர், வாசிப்புக்கே இடையூறாகும் வலியை ஏதோ ஒரு காலத்தில் அனுபவித்தவர்கள். மேடையில் அழகாகத் தெரியும் அந்த விரல்களுக்குப் பின்னால் இப்படியொரு வேதனை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

காரணம் விளங்காத ஒன்றல்ல. மேலைத்தேய வயலின் கலைஞர் வாத்தியத்தைத் தாடைக்கும் இடது தோளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி மணிக்கணக்காக வாசிக்கிறார். கர்நாடக வயலின் கலைஞர் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைப் பாதத்தின் அருகே ஊன்றிக்கொள்கிறார். தாடைப் பிடி இல்லாவிட்டாலும் நெடுநேரம் ஒரே இருப்புத்தான். எங்கள் மலையகத் தோட்டங்களின் தேர்த் திருவிழாவில் தவில் வாசிப்பவரைப் பாருங்கள். பாரமான தவிலைத் தோளில் பட்டி போட்டுத் தொங்கவிட்டு, நின்றும் நடந்தும் வாசிப்பார். இருக்கும் விதம் வேறுவேறு. ஆனால் எல்லோரிடமும் ஓயாமல் இழுபட்டுக்கொண்டிருப்பது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசைதான்.

ட்ரப்பீசியஸ் எனப்படும் அந்தத் தசை, மண்டையோட்டின் அடியிலிருந்து தோள்வரை விரிந்து நடுமுதுகுவரை இறங்குகிறது. அதைப் பற்றி சுவீடன் ஆய்வாளர் யோரான் ஹெக் 1991 இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். மெல்லிய வேலையைத் தொடர்ந்து செய்யும்போது, தசையின் சிறிய இழைகள்தான் முதலில் வேலையைத் தொடங்குகின்றன, கடைசியில்தான் ஓய்கின்றன. பாரமான வேலைக்கு மட்டும் வரும் பெரிய இழைகள் சும்மா இருக்க, இந்தச் சிறிய இழைகளே நாள்முழுதும் உழைத்துத் தேய்கின்றன. இதற்கு 'சிண்டரெல்லா கருதுகோள்' என்று பெயர். கதையில் வரும் சிண்டரெல்லாவும் வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் உறங்குபவள் அல்லவா?

அதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது கதையிலுள்ள பெண் அல்ல. நோன்பு மாதத்தில் சஹருக்கு எல்லோருக்கும் முன் எழுந்து, பகலெல்லாம் தைத்து, தராவீஹுக்குப் பிறகு பாத்திரம் கழுவி, எல்லோருக்கும் பின் படுக்கும் உம்மாதான்.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறோம் என்று நினைக்கிறேன். "நாள்முழுதும் வேலை செய்கிறவளுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்கிறோம். ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு ஒரே தசையைச் சிறிய சுமையில், இடைவிடாமல் பிடித்து வைக்கிறது. பயிற்சியோ அதே தசைக்குச் சற்றுப் பெரிய சுமையைக் குறுகிய நேரம் கொடுத்து, பிறகு ஓய்வும் கொடுத்து வலுவாக்குகிறது. ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு தசையால் ஆகக்கூடியது 20 கிலோ தூக்க முடியும் என்றால், 4 கிலோ சுமை அதன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதே தசை 40 கிலோ தூக்கும் அளவுக்கு வலுவடைந்தால், அந்த 4 கிலோ பத்தில் ஒரு பங்காகிவிடும். வேலை குறையவில்லை, வேலையின் பாரம் குறைந்தது.

இது வெறும் கணக்கு மட்டுமல்ல. ஒரே மாதிரியான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, இந்தத் தசையில் வலி கண்ட டென்மார்க் பெண் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2008 இல் வெளிவந்தது. ஒரு குழு கழுத்து, தோள் தசைகளுக்கு எடை தூக்கும் பயிற்சி செய்தது. இன்னொரு குழு நிலையான சைக்கிள் மிதித்தது. மூன்றாவது குழுவுக்குச் சுகாதார ஆலோசனை மட்டும். நாளுக்கு 20 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், பத்து வாரம். சைக்கிள் மிதித்தவர்களுக்கு வலி சிறிது நேரமே தணிந்தது. எடை தூக்கியவர்களுக்கு வலி பெரிதாகக் குறைந்து, அந்த நன்மை நிலைத்தது.

டென்மார்க்கின் சிம்பொனி இசைக் கலைஞர்களிடமும் இதே வகைப் பயிற்சி 9 வாரம் சோதிக்கப்பட்டு, 2017 இல் அது பற்றி எழுதப்பட்டது. இருபத்துச் சொச்சம் பேரே பங்குபற்றிய சிறிய ஆய்வு என்பதால் அதை வைத்து முடிந்த முடிபாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் உலகத்தரமான கலைஞர்களே "வாசிப்பதே போதும்" என்று இருந்துவிடாமல், உடலைத் தனியாகப் பழக்க முன்வந்திருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கலைஞரின் கழுத்துக்கு ஒரு நியாயம், உழைக்கும் பெண்ணின் கழுத்துக்கு இன்னொரு நியாயம் இருக்க முடியுமா? பண்டாரவளையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் காண்கிறோம். நிறுவைக்குப் போகும்போது முழுப் பாரமும் கழுத்தில்தான் இறங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படமும் ஒரு சித்திரம்தான். சுவரை யார் பார்ப்பது? அவர்களிடம் போய் "வீட்டில் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். விடியமுன் சமைத்து, மாலையில் விறகு சுமக்கும் பெண்ணுக்கு மிச்ச நேரம் எங்கே? வேலை நேரத்துக்குள், சம்பளம் குறையாமல் அந்த 20 நிமிடத்தைக் கொடுப்பதும், தலையில் ஏறும் பாரத்தைக் குறைப்பதும்தான் நியாயம். தோட்டத்துக்குச் சொல்வதையே தையல் தொழிற்சாலைகளுக்கும் சொல்கிறேன்.

எங்கள் சமூகத்தில் இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, "பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரியா?" என்பது. மைதானமோ பார்வையாளரோ இதற்குத் தேவையில்லை. மூடிய அறையும் தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களும் போதும். இரண்டாவது, "ஐவேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்பது. தொழுகை வணக்கம். அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்து, உடலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பது சரியாகாது. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டியிருக்கிறார்கள். வணக்கத்திலேயே மூழ்கித் தம்மை வருத்திக்கொண்ட ஒரு தோழருக்குத்தான் அந்த அறிவுரை சொல்லப்பட்டது.

பெற்றோரே, உயர்தர வகுப்புக்கு வந்ததும் பல பாடசாலைகளில் உடற்பயிற்சி நேரம் காணாமல் போய்விடுகிறது. அதன் இடத்தில் மேலதிக வகுப்பு வருகிறது. நாங்களும் புத்தகத்துக்கும் போனுக்கும் குனிந்து குனிந்து, பதினேழு வயதிலேயே கழுத்தைப் பிடித்துக்கொள்கிறோம். வாரத்தில் ஒரு மணித்தியாலத்தை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, எங்கள் உம்மாமாருக்கும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கை விறைப்பு, பலவீனம், விழுந்து அடிபட்ட வலி இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மற்றவர்களும் சிறிய எடையில் தொடங்கி, மெதுவாகக் கூட்ட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள், அஸர் தொழுதபின் தையல் மெஷின் நிற்கிறது. நானும் உம்மாவும் ஆளுக்கு இரண்டு போத்தல்களோடு தோள்களை உயர்த்தி இறக்குகிறோம். முதல் நாள் உம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். வலி பறந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான்கு வாரம்தான் ஆகிறது. தைலப் போத்தல் இன்னும் தலைமாட்டில் இருக்கிறது. ஆனாலும் போன கிழமை நான் படிப்பில் மறந்து இருந்தபோது, உம்மாவே மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "மகள், இண்டைக்கு இல்லையா?" என்று கேட்டார்.

தனக்கென்று 20 நிமிடத்தை உம்மா கேட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை.