அதிர்வும் எங்கள் கல்லூரியும்

கல்லூரி விழாக் கொண்டாடும் வேளையிற் பழைய மாணவர் ஒன்றுகூடினால், வாயிலில் ஒரு வளைவு கட்டவேண்டும் என்ற பேச்சு எழுவது வழக்கம். இம்முறையும் எழுந்தது. இரண்டு தூண், மேலே கலைமகள், நடுவிற் கல்லூரிச் சின்னம், கீழே கொடையாளர் பெயர்கள். யாம் அதனைப் பழித்துரைக்க வரவில்லை. கலைமகள் உருவை வாயிலில் வைத்து வணங்குவது கல்விக்கூடத்துக்கு அழகேயாம். ஆயினும் அப்பணத்தில் ஒரு சிறு பங்கையேனும் வேறொன்றுக்கு ஒதுக்கவேண்டும் என்பது எமது கருத்து. தமிழாசிரியன் கேட்கும் அவ்வேறொன்று நூலகமாகவோ பேச்சுப் போட்டிக் கேடயமாகவோ இருக்கும் என அன்பர்கள் எண்ணக்கூடும். அன்று. பொருள்கள் அதிரும் முறையை அளந்தறியும் சில கருவிகளும், அவற்றைக் கொண்டு தோட்டத்துப் பாலங்களை ஆண்டுதோறும் அளந்து குறித்துவைக்கும் ஒரு மாணவர் குழுவும் வேண்டும் என்கின்றோம்.

இவ்வெண்ணம் எமக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஏழாந்தர மாணவர்க்கு 'நான் பள்ளிக்கு வரும் வழி' என்ற தலைப்பிற் கட்டுரை கொடுத்தோம். தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், தான் நாடோறும் ஓயாவைக் கடக்கும் தொங்கு பாலத்தைப் பற்றி எழுதியிருந்தான். "முன்பு எங்கள் பாலம் சுறுசுறுப்பாக ஆடும். இப்போது சோம்பேறியாகிவிட்டது" என்பது அவன் வாக்கியம். அஃறிணைப் பொருளுக்குச் சோம்பல் ஏது என்று சிவப்பு மையாற் கோடிட்டு, 'பொருந்தாச் சொல்' என ஓரத்திற் குறித்தோம். ஐந்து மாதம் கழிந்தது. மழைக்காலத்தில் ஒருநாட் காலை அப்பாலத்தின் கம்பிவடம் ஒரு கரையிற் பிடி நழுவிற்று. பலகைகள் ஒருபுறமாகச் சரிந்தன. பிள்ளைகள் மூவர் நீரில் வீழ்ந்தனர். கொழுந்தெடுக்கச் சென்றுகொண்டிருந்த பெண்கள் இறங்கி இழுத்தெடுத்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு சிறுமியின் கை முறிந்தது. அப்பாலத்துக்கு அவ்வாண்டிலேதான் புதுவர்ணம் பூசியிருந்தார்கள். பார்வையிட்டவர் கண்ணுக்கு எல்லாம் செம்மையாகவே தோன்றியிருக்கும்.

அம்மாணவன் எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாமே அவன் கொப்பியை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். பௌதிகம் கற்பிக்கும் நண்பரிடமும் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு, "சேர், பையன் எழுதியதுதான் சரி. பாலத்தின் இயற்கை மீடிறன் குறைந்திருக்கிறது" என்றார். தமிழ்நாட்டார் அதிர்வெண் என்பதை எம்நாட்டுப் பாடநூல்கள் மீடிறன் என்னும். ஒரு பொருள் ஒரு வினாடியில் எத்தனை முறை மீள்கின்றது என்பதே அச்சொல்லின் பொருள். அன்று தொடங்கிய கல்வியின் சாரத்தையே இங்கு எழுதுகின்றோம். ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழன்றி வேறு பட்டம் எமக்கில்லை. கணிதத்தில் யாம் இடறும் இடங்களை எந்திரிகளாகிய பழைய மாணவர்கள் பொறுத்தருள்க.

எந்தக் கட்டமைப்பும், தட்டிவிட்டாற் தன் விருப்பப்படியே ஆடும். அது ஆடக்கூடிய வழிகள் பல. ஒவ்வொரு வழிக்கும் மூன்று குணங்கள் உண்டு: எத்தனை விரைவில் ஆடும், ஆடும்போது எவ்வுருவில் வளையும், எவ்வளவில் அடங்கும். முதலாவது மீடிறன்; இரண்டாவது அதிர்வுப் பாங்கு; மூன்றாவது தணிவு. ஒரு பாலத்தினதோ எந்திரத்தினதோ சிக்கலான ஆட்டத்தை இப்பாங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் குணத்தையும் அறிவதே பாங்குப் பகுப்பாய்வு எனப்படும். செய்யுளைச் சீரும் தளையுமாகப் பிரிப்பதுபோல என்று வகுப்பிற் சொல்வோம். பௌதிக நண்பர் முகஞ்சுளிப்பார்.

இவ்வுண்மை எம்மவர்க்குப் புதிதன்று. தோட்டத்திற் தப்படிப்பவர் முதலில் தப்பைத் தீயிற் காட்டுவார். தோல் இறுகும்; ஒலி உயரும். விறைப்பு மிகுந்தால் மீடிறன் மிகும் என்பதை அவர் சூத்திரமின்றியே அறிவார். மிருதங்கத்திலோ இன்னும் நுட்பமுண்டு. வெறுந்தோலின் பல பாங்குகள் ஒன்றுக்கொன்று இசையாத மீடிறன்களை உடையன. அதனாலேயே பல முரசுகள் சுருதி தெளியாது முழங்குகின்றன. வலந்தலையின் நடுவில் அப்பும் கரணை அத்தோலின் நடுப்பாகத்தைக் கனக்கச் செய்து, அப்பாங்குகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதத்துக்குக் கொண்டுவருகின்றது. இதனை 1920 இல் முதன்முதல் எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன். 1934 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், தோலின்மேல் மணலைத் தூவி, அசையாத கோடுகளில் அது ஒதுங்குவதைக் கொண்டு ஒன்பது பாங்குகளைக் கண்டு, அவை ஐந்து சுரங்களாகக் கூடி நிற்பதை நிறுவினார். பாலங்களையும் விமான இறக்கைகளையும் இன்று பரிசோதிக்கும் எந்திரிகள் மணலுக்குப் பதிலாக மின்னுணரிகளை வைக்கிறார்கள், செய்வது அதுவே.

இனி அம்மாணவனின் பாலத்துக்கு வருவோம். பலகை பரப்பிய இலேசான தொங்கு பாலம் ஏறக்குறைய ஒரு தொய்ந்த வடமே. அது பக்கவாட்டில் ஆடும் முதற் பாங்கின் காலம், நடுவிலுள்ள தொய்வின் அளவையே பொறுத்தது. பாலத்தின் நீளத்தையும் கனத்தையும் பொறுத்ததன்று. தொய்வு 1 மீட்டராயின் இருபது ஆட்டத்துக்கு ஏறத்தாழ 36 வினாடி செல்லும். தொய்வு 1.2 மீட்டரானால் ஏறத்தாழ 40 வினாடி. 20 மீட்டர் நீளமுள்ள பாலமொன்றில், கரையிலுள்ள பிடியில் வடம் 6 சென்றிமீட்டர் நழுவினாற் போதும், தொய்வு அவ்வாறு 20 சென்றிமீட்டர் கூடிவிடும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான இவ்வேற்றத்தைப் புதுவர்ணத்தினூடே யார் காண்பார்? ஆனால் நாடோறும் அதன்மேல் ஆடிச் செல்லும் சிறுவனின் காலுக்கு நான்கு வினாடி வேறுபாடு தெரியும். தெரிந்தது. அதற்கு அவனிடமிருந்த ஒரே சொல்லைத்தான் யாம் அடித்துவிட்டோம்.

மீடிறன் குறைதல் வெறும் மெத்தனமன்று; நிலை தளர்தலின் முன்னறிவிப்பு. இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். மெல்லிய உருக்கு அடிமட்டம் ஒன்றை மேசைமேற் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையை உள்ளங்கையால் மெல்ல அழுத்தியபடி நடுவிற் சுண்டிவிடுக. விரைந்து துடிக்கும். சற்று அழுத்திச் சுண்டுக, துடிப்பு மந்தமாகும். இன்னும் அழுத்த இன்னும் மந்தமாகும். துடிப்பு முற்றாக இறந்துபோகும் சுமை எதுவோ, அச்சுமையிலேதான் அடிமட்டம் வளைந்து சாய்கின்றது. தூணொன்று எச்சுமையில் நிலைகுலையும் என்பதும், அதன் மீடிறன் எச்சுமையிற் சுழியமாகும் என்பதும் ஒரே கேள்வியின் இரு முகங்கள். யாம் கண்ட பௌதிகப் பரிசோதனைகளுள் இதுவே எம்மை மிகவும் வியப்பித்தது. விழப்போகும் பொருள் விழுவதற்கு முன்னரே தன் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றது.

நிலைகுலைய வேறொரு வழியும் உண்டு. 1940 நவம்பர் 7 இல் அமெரிக்காவின் தக்கோமாப் பாலம், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகக் காற்றில், முறுகி முறுகி ஆடி வீழ்ந்தது. திறந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. அங்கே மீடிறன் குறையவில்லை, தணிவு கெட்டது. ஆட்டத்தை அடக்கவேண்டிய காற்றே ஒவ்வொரு முறுக்கிலும் அதற்கு ஊட்டம் கொடுத்தது. இலண்டன் மிலேனியம் நடைபாலத்தில், 2000 ஜூன் 10 ஆந் திகதி திறந்த அன்றே, நடந்த மக்களின் கால்களே அவ்வேலையைச் செய்தன. பாலம் சற்று அசைய, மக்கள் விழாதிருக்கத் தம் நடையை அசைவுக்கு ஒத்து மாற்ற, அசைவு மேலும் வளர்ந்தது. இரண்டு நாளில் மூடிவிட்டு, தணிப்பான்கள் பொருத்தி 2002 இலேதான் மீண்டும் திறந்தார்கள். உலகின் தலைசிறந்த எந்திரிகள் வகுத்த பாலம் அது. எம் தோட்டத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே தாளம் போட்டுப் பாலத்தை ஆட்டுவதை யாவரும் கண்டிருப்போம்.

எல்லாப் பாலமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லும் கொங்கிறீற்றுமாகிய பெருஞ்சுமை. தன் கனத்தாலேயே இறுகி நிற்பது. பதுளைப் புகையிரதம் அதன்மேற் செல்லும்போது கைவைத்துப் பார்த்தால் ஒரு மெல்லிய நடுக்கமே தெரியும். போகொடையிலுள்ள பழைய கூரையிட்ட மரப்பாலம் வேறு வகை. அதன் மரப் பொருத்துகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தை உண்டுவிடும். கட்டியவர்கள் தணிவு என்ற சொல்லை அறியார், காரியத்தை அறிந்திருந்தார்கள். எமக்குக் கவலை தருவன இவையல்ல. பெயரும் வரலாறும் இல்லாத, லயத்தையும் பாடசாலையையும் இணைக்கும் கம்பிப் பாலங்களே.

எம் தந்தையார் தோட்டத்து ஸ்டோரில் ரோலர் மேசையருகே வேலை செய்தவர். நீண்ட மரக்கோல் ஒன்றின் ஒரு முனையைப் பெயறிங் உறையில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். "இது இன்னும் ரெண்டு வாரம் தாங்காது" என்று அவர் சொன்னால், டீமேக்கர் மறுபேச்சின்றி மாற்றுவார். ரோதைமுனிக்குப் படையலிடும் ஆயுதபூசை நாளில் எந்திரங்களெல்லாம் நின்றிருக்கும். அன்று அம்மௌனம் தமக்கு அச்சந்தருவதாகக் கூறுவார். அவர் காதுக்குத் தெரிந்தது ஏட்டில் ஏறவில்லை, அவரோடு போயிற்று. செவிக்குப் பதிலாகக் கருவி வைத்திருந்தும் அதன் சொல்லை மதியாதவர் கதி, 2009 ஓகத்து 17 இல் உருசியாவின் சயானோ சுசென்சுக்காயா நீர்மின்னிலையத்தில் வெளிப்பட்டது. அளவுக்கு மிஞ்சி அதிர்ந்த சுழலி ஒன்றை ஓடவிட்டார்கள். மூடியைப் பிடித்திருந்த தண்டாணிகள் களைப்புற்று முறிந்தன. 75 பேர் மாண்டனர். 2024 ஏப்பிரலிற் திறக்கப்பட்ட எமது உமா ஓயா மின்னிலையத்திலும் நிலத்தடியிற் சுழலிகள் சுழல்கின்றன. அவற்றின் அருகே காவல் நிற்கும் எந்திரிகளுள் எம் கல்லூரி மாணவர் சிலராவது நாளை இருக்கவேண்டாமா?

நண்பர் சிலர் மறுப்பார்கள். பிள்ளைகள் வினாடி எண்ணிப் பாலத்தின் நலத்தைக் கூறிவிட முடியுமா என்பார்கள். நியாயமான கேள்வி. 1993 இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், இடிக்கவிருந்த ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உத்தரத்தை எந்திரிகள் படிப்படியாக அறுத்து, ஒவ்வொரு படியிலும் மீடிறனை அளந்தார்கள். கடைசி வெட்டு விழும்வரை அது குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. ஆகவே மீடிறன் மாறவில்லை என்பதாற் பாலம் நலம் என்று கொள்ளலாகாது. துருவேறிய கம்பியைக் கண்ணாற் பார்க்கவும், பிடியைச் சாவியால் இறுக்கவும் ஆள் வேண்டும். வெயிலும் குளிரும் அளவை மாற்றும் என்பதையும் கருதவேண்டும். ஆனால் தொங்கு பாலத்தின் வடம் நழுவுதல், மரப்பாலத்தின் பொருத்துத் தளர்தல் போன்றவை ஆட்டத்தில் விரைந்து தெரிவன. மாற்றம் கண்டால் எந்திரியை அழைக்கவேண்டும் என்பதே யாம் கூறுவது. எந்திரி வேண்டாம் என்பதன்று.

முதல் அளவு இன்றி இரண்டாம் அளவுக்குப் பொருளில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் வெள்ளமும் மண்சரிவும் ஊவாவை உலுக்கியதை யாவரும் அறிவோம். அடித்துச் செல்லப்பட்ட பாலங்களின் இடத்தில் எழும் ஒவ்வொன்றையும், அது புதிதாய் நிற்கும் நாளிலேயே அளந்து குறித்துவிடல்வேண்டும். பெருஞ்செலவில்லை. கைத்தொலைபேசிகள் பலவற்றுள் அசைவை உணரும் கருவி அமைந்தே உள்ளது. பலகையின் நடுவில் வைத்துவிட்டால் ஆட்டத்தை வரைந்து தரும். ஆய்வுகூடத்துக்குத் திருத்தமான உணரிகள் சிலவும், ஒரு கணினியும், ஒரு தடித்த பதிவேடும் போதும். பேராதனையிலும் மொறட்டுவையிலும் கிளிநொச்சியிலும் பொறியியல் பயின்ற எம் பழைய மாணவர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து பதிவேட்டைப் பார்வையிடுவார்களாக. உயர்தரக் கணிதப் பிரிவைத் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் ஊவாவில் மிகச் சிலவே. நம் பிள்ளைகள் அப்பிரிவை அஞ்சி விலகுவதற்குக் காரணம் மதியின்மையன்று. தம் கால் அறிந்ததற்கும் கரும்பலகையில் எழுதியதற்கும் உள்ள உறவை எவரும் காட்டாமையே என்பது எமது துணிபு. அக்குறையில் எம் சிவப்பு மைக்கும் பங்குண்டு.

அம்மாணவன் இப்போது உயர்தரக் கணிதம் பயில்கின்றான். பழைய இடத்திற் கட்டிய புதிய பாலத்தை, சென்ற தவணை விடுமுறையில் அவனே அளந்து, ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தான்: காலை ஏழு மணி, காற்று இல்லை, பாலத்தில் ஆளில்லை, இருபது ஆட்டத்துக்கு 34 வினாடி. பதிவேடு வாங்கும்வரை அத்தாள் எம் மேசை இழுப்பறையில் இருக்கின்றது.