இதயக் கால்குலேட்டர் யாருக்காக?

இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்தவுடன் இன்டர்நெட்டில் நுழைகிறோம். வயது, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் ஆகியவற்றை டைப் செய்தால், அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று திரையில் வந்துவிடுகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம். ஆனால், வரும் விடையை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து.

கம்ப்யூட்டர் கணக்கில் தவறு செய்வதில்லை. அதற்குக் கொடுத்த சூத்திரம் யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. இந்தக் கணக்குகளுக்கு முன்னோடி, அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948-ல் தொடங்கிய ஆய்வு. அதில் முதலில் சேர்ந்த 5,209 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

2013-ல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் வெளியிட்ட சூத்திரத்தில் வெள்ளையர், கறுப்பின அமெரிக்கர் என்று இரண்டு வகைக் கணக்குகளே இருந்தன. நம்மவர் "மற்றவர்" என்று கிளிக் செய்தால் வெள்ளையர் கணக்கே ஓடும். தெற்காசிய வம்சாவளியினருக்கு அது அபாயத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அந்த வழிகாட்டியே எச்சரித்தது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 ஆண்டுகள் முன்னதாகவே வந்திருந்தது. குறைவான சதவீதத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

2017-ல் வந்த பிரிட்டனின் க்யூரிஸ்க்-3 இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று பிரித்துக் கேட்கிறது. அதோடு அஞ்சல் குறியீட்டைக் கேட்டு, அந்தப் பகுதியின் வறுமையையும் கணக்கில் சேர்க்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் மதுரையின் பின்கோடு அதற்குப் புரியாது. 2023-ல் அமெரிக்காவில் வந்த ப்ரிவென்ட் இனத்தைக் கேட்பதே இல்லை. சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் கேட்கிறது. அதுவும் அமெரிக்கர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதுதான்.

நம் ஊரில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அட்டவணைகள். உலகத்தை 21 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தெற்காசியாவுக்குத் தனி அட்டவணை உண்டு. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கானது. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் எடை, உயரத்தை வைத்துப் பார்க்க இன்னொரு அட்டவணையும் இருக்கிறது.

எதைப் பயன்படுத்தினாலும் அலகைக் கவனியுங்கள். நம் லேப்களில் 200 மில்லிகிராம் என்று வரும் கொலஸ்ட்ரால், பிரிட்டன் கணக்கில் சுமார் 5.2 மில்லிமோல். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்தக் கால்குலேட்டர்கள் பொருந்தாது.

இவற்றைத் தயாரிப்பவர்கள், யாருடைய தகவலை வைத்துச் செய்தோம் என்பதை முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். நாமும் விடையைப் பிரின்ட் எடுத்து டாக்டரிடம் காட்டிப் பேச வேண்டும். அதைப் பார்த்து நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலிக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் முன் உட்காராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.