வலைப்பதிவு செத்ததா, சாகடிக்கப்பட்டதா?

அரசியல் வலைப்பதிவுகளின் காலம் தீர்ந்துவிட்டது என்றும், இனி எல்லாம் முகநூலிலும் எக்ஸிலும் காணொளியிலும்தான் நடக்கும் என்றும், இது காலத்தின் போக்கு, இதில் மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்றும் சில படித்த கனவான்கள் சொல்லி வருகிறார்கள். காலத்தின் போக்கு என்பதற்கும் தலைவிதி என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கின்றோம். விதி என்று சொல்லப்படும் காரியம் எதுவானாலும், அதனால் லாபமடைந்த ஒருவன் திரைக்குப் பின்னால் இருந்தே தீருவான். ஆகவே, இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பதே அறிவுள்ளவர்கள் செய்யவேண்டிய முதல் வேலையாகும்.

வலைப்பதிவு என்பது என்ன? அச்சு யந்திரமும், காகிதமும், பத்திரிகை முதலாளியின் தயவும் இல்லாமல், எழுதத் தெரிந்த யாரும் இணையத்தில் தமக்கென்று ஓர் இடம் வைத்துக்கொண்டு, தேதி போட்டுத் தம் அபிப்பிராயத்தை எழுதுவதுதான். அதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. எழுதுகிறவன் தான் சொல்லுவதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறதோ அங்கே போக ஒரு தொடுப்பையும் கூடவே கொடுத்துவிடுவான். வாசகன் அதைத் தட்டி மூலத்தையே பார்த்துக்கொள்ளலாம். "நான் சொல்லுகிறேன், நம்பு" என்பது புரோகிதன் பேச்சு. "இதோ ஆதாரம், நீயே பார்" என்பது பகுத்தறிவுக்காரன் பேச்சு. வலைப்பதிவின் யோக்கியதை இந்த இரண்டாவதில்தான் இருந்தது.

அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 டிசம்பர் 5ந் தேதி ஸ்ட்ராம் தர்மாண்ட் என்ற செனட்டரின் நூறாவது பிறந்தநாள் விருந்து நடந்தது. இந்தத் தர்மாண்ட் 1948இல் கறுப்பரை வெள்ளையரிடமிருந்து ஒதுக்கியே வைக்கவேண்டும் என்ற கொள்கையோடு ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றவர். அவர் அன்று ஜெயித்திருந்தால் நாட்டுக்கு இத்தனை தொல்லைகள் வந்திருக்கமாட்டா என்ற பொருளில் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டிரென்ட் லாட் அந்த விருந்தில் பேசினார். பெரிய பத்திரிகைகளில் பெரும்பாலானவை இதை ஒரு விஷயமாகவே மதிக்கவில்லை. ஜாஷ் மார்ஷல் முதலிய வலைப்பதிவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டு, லாட்டின் பழைய நடத்தைகளையும் எடுத்துக்காட்டி எழுதினார்கள். அவருடைய கட்சிப் பக்கம் நின்ற வலைப்பதிவர்களிலும் பலர் அவரைக் கண்டித்தார்கள். டிசம்பர் 20ந் தேதி லாட் தலைமைப் பதவியை விட்டு விலகினார்.

இது ஒரு கட்சிக்கு மாத்திரம் சொந்தமான ஆயுதம் என்று எண்ணிவிட வேண்டாம். 2004 செப்டம்பர் 8ந் தேதி சி.பி.எஸ். தொலைக்காட்சி, ஜனாதிபதி புஷ்ஷின் பட்டாளச் சேவையைப்பற்றிச் சில காகிதங்களைக் காட்டிற்று. அந்த எழுத்துக்கள் 1970களின் தட்டச்சு யந்திரத்தில் அடித்தவை போல் இல்லை, இக்காலக் கணினியில் அடித்தவை போல் இருக்கின்றன என்று வலதுசாரி வலைப்பதிவர்கள் உடனே கிளப்பினார்கள். சி.பி.எஸ்.ஸில் முன்பு உயர்ந்த உத்தியோகத்திலிருந்த ஒருவர், இவர்கள் வீட்டில் இரவு உடையோடு உட்கார்ந்து எழுதுகிற ஆசாமிகள்தானே என்று ஏளனம் செய்தார். ஆனால் பன்னிரண்டே நாளில் அந்தக் காகிதங்கள் உண்மையானவை என்று தம்மால் நிரூபிக்க முடியாது என சி.பி.எஸ். ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எழுதினவன் என்ன உடை உடுத்தியிருந்தான் என்று பார்ப்பது, சொன்னவன் பூணூல் போட்டிருக்கிறானா என்று பார்ப்பதற்குச் சமானமாகும்.

2007இல் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. புஷ் சர்க்கார் அரசாங்க வழக்கறிஞர்கள் பலரை வேலையிலிருந்து நீக்கிய விவகாரத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட தஸ்தாவேஜுகள் ஒரே மூச்சில் வெளியாயின. மார்ஷல் அவற்றைப் படித்துப் பார்க்கும்படித் தம் வாசகர்களையே கேட்டுக்கொண்டார். வாசகர்கள் பங்கு போட்டுக்கொண்டு படித்துக் கண்டதை எழுதினார்கள். அவ்வருஷமே அட்டர்னி ஜெனரல் கொன்சாலஸ் ராஜினாமாச் செய்தார். அந்த வலைப்பதிவுக்கு 2008இல் ஜார்ஜ் போல்க் பரிசு கிடைத்தது. பத்திரிகை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவதோடு இருந்த வாசகன், பத்திரிகையின் வேலையையே செய்தான்!

இப்படிப்பட்ட ஒன்றை யார் கெடுத்தார்கள்?

முதலாவது, கூலி கொடாமல் வேலை வாங்கினவர்கள். 2005இல் ஆரம்பித்த ஹஃபிங்டன் போஸ்டில் ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் எழுதினார்கள். 2011இல் அது 31.5 கோடி டாலருக்கு ஏ.ஓ.எல். கம்பெனிக்கு விற்கப்பட்டது. எழுதினவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். சும்மா எழுதச் சம்மதித்துத்தானே எழுதினீர்கள் என்று 2012இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்பது வயலில் மாத்திரம் நடக்கிற காரியமா?

இரண்டாவது, வாசகனுக்கும் எழுதுகிறவனுக்கும் மத்தியில் வந்து உட்கார்ந்த தரகர்கள். முன்பு வாசகன் தனக்கு வேண்டியவர்களின் எழுத்துக்களைத் தானே தேர்ந்தெடுத்து, எழுதிய வரிசையிலேயே படிக்க ஓடைத்திரட்டி என்ற ஏற்பாடு இருந்தது. கூகிள் கம்பெனி தன் திரட்டியை, உபயோகிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்லி, 2013 ஜூலை 1ந் தேதி மூடிவிட்டது. இப்பொழுது ஜனங்கள் படிப்பது முகநூலும் எக்ஸும் வரிசைப்படுத்திக் கொடுப்பதைத்தான். அந்த வரிசை எப்படி ஏற்படுகிறது? எதைப் பார்த்தால் நீங்கள் கோபங்கொண்டோ ஆசைகொண்டோ இன்னும் கொஞ்ச நேரம் தங்குவீர்களோ, அது மேலே வரும். தங்கும் நேரமெல்லாம் விளம்பரக்காரனுக்கு விற்கப்படும். தொடுப்பைத் தட்டி வெளியே போகிற வாசகன் இவர்களுக்கு நஷ்டம். ஆகவே ஆதாரம் கீழே போவதிலும் கூச்சல் மேலே வருவதிலும் அதிசயம் ஒன்றுமில்லை.

மேடை வேறொருவனுடையதாயிருந்தால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவே சாட்சி. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று அந்நாடு 2023 ஜூனில் சட்டம் செய்தது. மெட்டா கம்பெனி, கொடுப்பதற்குப் பதிலாக, ஆகஸ்டு முதல் தன் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடா மக்களுக்குச் செய்தியே தெரியாதபடி அடைத்துவிட்டது. அதே மாதத்தில் காட்டுத்தீ நெருங்கியதால் எல்லோநைஃப் ஊரின் சுமார் 20,000 மக்களும் வெளியேற நேர்ந்தது. எந்த வழி திறந்திருக்கிறது என்ற செய்தியைக்கூட அங்கே ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. பிரதம மந்திரியே முறையிட்டும் கம்பெனி அசையவில்லை. ஒரு தேசத்தின் வாயைப் பூட்டும் சாவி ஒரு வியாபாரியின் மடியில் இருக்கலாமா? 2022இல் ஒரே மனிதர் 4,400 கோடி டாலர் கொடுத்து டுவிட்டரை வாங்கி, அடுத்த வருஷம் பெயரையும் எக்ஸ் என்று மாற்றினார். கோடிக்கணக்கான ஜனங்கள் பேசிய இடம் ஒரு கிரயப் பத்திரத்தில் கைமாறியது. பேசினவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

வலைப்பதிவர்கள் பொய் எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார்கள். ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவே இல்லை என்ற புளுகைப் பரப்பினவர்களில் வலைப்பதிவர்களும் உண்டு. ஆனால் ஒரு வலைப்பதிவின் பொய்யை மற்றொரு வலைப்பதிவு பிட்டுக்காட்டலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசகன் தீர்ப்புச் சொல்லலாம். எந்தப் பொய் யாருக்குக் காட்டப்பட்டது என்பதே கம்பெனியின் ரகசியமாக இருக்கும் இடத்தில் யார் யாரைத் திருத்துவது?

கூட்டம் அங்கேதானே இருக்கிறது, அங்கே போகாமல் எப்படி என்றும் கேட்கலாம். தாராளமாய்ப் போங்கள். சந்தையில் போய்க் கூவுவது குற்றமல்ல. வீட்டை விற்றுவிட்டுச் சந்தையிலேயே குடியிருப்பதுதான் புத்தியீனம்.

ஆகவே எழுதுகிற தோழர்களுக்குச் சொல்லுகிறோம். உங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் முதலில் அங்கே எழுதி, பிறகு நகலைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். வாசகர்களின் விலாசப் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். ஆதாரமில்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000இல் ஒற்றை ஆளாக மார்ஷல் ஆரம்பித்த வலைப்பதிவு 2025இல் இருபத்தைந்து வருஷம் பூர்த்திசெய்ததென்றால், அதற்கு வாசகர்கள் கொடுத்த சந்தா முக்கிய காரணமாகும். இனாமாய்க் கிடைக்கிறதென்று தரகன் வாசலில் நிற்கிறவரையில் அவன் கொடுத்ததைத்தான் நீங்கள் படிக்கவேண்டும். நீங்கள் நம்புகிற ஒருவருடைய முகவரியை இன்றைக்கே நேராகத் தட்டிப் படியுங்கள். அவர் எழுத்து நிலைக்கவேண்டுமானால் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். அவர் கொடுத்த ஆதாரத்தையும் திறந்து பாருங்கள். தப்பாயிருந்தால் அவருக்கே எழுதிக் கேளுங்கள்.