கருந்திரைக்குக் காரணம் லினக்ஸ் அன்று



2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கத் தகுதியில்லாத கணினிகளைச் சில பெற்றோர் தமிழ்ப்பள்ளிகளுக்கு அன்பளிப்பாகத் தருகின்றனர். நல்ல நிலையில் உள்ளவைதாம். லினக்ஸ் நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்று நானும் சொல்லி வருகிறேன். அவ்வாறு நிறுவிய ஆசிரிய நண்பர்கள் சிலர் கொண்டுவரும் முறையீடு ஒன்றே: "சார், திரை கறுப்பாகவே நிற்கிறது. லினக்ஸ் நமக்குச் சரிவராது." விசாரித்தால், பெரும்பாலும் உள்ளே என்விடியா வரைகலை அட்டை இருக்கும்.

இதற்கு லினக்ஸைப் பழிப்பது முறையன்று என்பதே என் கருத்து.

அட்டைக்கும் இயங்குதளத்திற்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது இயக்கி எனும் நிரல். அட்டையின் உள்ளமைப்பை அறிந்தவரே அதனைச் செம்மையாக எழுத இயலும். இன்டெல் தன் இயக்கிகளைத் திறவூற்றாகவே வழங்குகிறது. ஏஎம்டி 2007-இல் தன் அட்டைகளின் விவரங்களை வெளியிட முன்வந்தது. ஆகவே இவ்விரண்டுக்குமான இயக்கிகள் லினக்ஸ் கருவகத்தோடு சேர்ந்தே வருகின்றன. பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. என்விடியாவோ நெடுங்காலம் கதவடைத்தே இருந்தது. அட்டை நடந்துகொள்ளும் விதத்தை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே தன்னார்வலர்கள் 'நூவோ' எனும் இயக்கியை எழுதினர். 2010-இல் அது கருவகத்தில் இடம்பெற்றது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் நடுவிரலைக் காட்டி அந்நிறுவனத்தை ஏசினார். (மாணவர்களுக்குக் காட்டத்தக்க காணொளி அன்று!) 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலோ, நிறுவனத்தின் மின்னொப்பம் பெற்ற நிரல் இல்லாமல் நூவோவால் அட்டையின் வேகத்தைக் கூட்ட முடியாத நிலை ஏற்பட்டது.

2022 மே மாதம் என்விடியா தன் இயக்கியின் கருவகப் பகுதியைத் திறந்தது உண்மை. ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதன் பின்னவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். நமக்கு வரும் பழைய கணினிகளில் பலவற்றுக்கு அத்திறப்பு எட்டவில்லை.

மரத்தளவாடங்களுக்குப் பெயர்போன ஊர் நம் மூவார். மேசையை விற்றுவிட்டு, அதன் மூட்டுகள் எங்குள்ளன என்பதைச் சொல்ல மறுக்கும் தச்சரிடம் எவரேனும் மறுபடி போவார்களா?

சரி, கருந்திரையை நீக்கும் வழிக்கு வருவோம். கணினி தொடங்குகையில் 'கிரப்' பட்டியலை வரவழைத்து, ஆங்கில 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்து, எஃப்10 விசையை அழுத்துங்கள். பெரும்பாலும் திரை தெளிந்துவிடும். இம்மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. உள்ளே சென்றதும், மின்ட் ஆயின் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டு ஆயின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் பரிந்துரைக்கப்படும் இயக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

என்விடியா தளத்திலிருந்து கோப்பைப் பதிவிறக்கி நிறுவாதீர்கள். அவ்வியக்கி அன்றைய கருவகத்துக்கென உருவாக்கப்படுவது. அடுத்த மேம்பாட்டில் கருவகம் மாறினால் கருந்திரை திரும்ப வரக்கூடும்.

'செக்யூர் பூட்' இயக்கத்தில் இருந்தால் இன்னொரு தடை உண்டு. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுதொடக்கத்தில் நீலத்திரை தோன்றும். அங்கே 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லை இட வேண்டும். அஞ்சி அத்திரையைக் கடந்துவிட்டால், ஒப்பமில்லாத இயக்கி எனக் கருவகம் அதனை ஒதுக்கிவிடும்.

மிகப் பழைய அட்டைகளுக்கு இதுவும் பயன்படாது. 390 வரிசை இயக்கிக்கான ஆதரவு 2022-இலும் 470 வரிசைக்கானது 2024-இலும் முடிந்தன. அட்டை பழுதாகவில்லை; அதன் ஆயுளை நிறுவனம் முடித்துவைத்தது, அவ்வளவே. அத்தகைய கணினியில் நூவோவோடு நிறைவு கொள்வதே அறிவுடைமை. தமிழ்99 விசைமுறையில் தட்டச்சு செய்யவும் படவில்லைகள் காட்டவும் இணையத்தில் பாடம் தேடவும் அது போதும். முப்பரிமாண விளையாட்டு நம் வகுப்பறைக்கு எதற்கு?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இதுதான்: கணினியை ஏற்குமுன் செயலி, நினைவகத்தோடு வரைகலை அட்டை எந்நிறுவனத்தது என்றும் கேளுங்கள். மேசைக் கணினி ஆயின் பின்புறம் பாருங்கள். தாய்ப்பலகையிலேயே திரையிணைப்புத் துளை இருந்து, செயலியில் இன்டெல் வரைகலையும் அமைந்திருந்தால் தொல்லை இல்லை. மின்னிணைப்பைத் துண்டித்து, என்விடியா அட்டையைக் கழற்றிவிட்டு, திரையின் கம்பியை அத்துளையில் செருகினால் போதும். கழற்றிய அட்டையை வீசிவிடாதீர்கள், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வன்பொருளைக் காட்டிப் பாடம் நடத்த உதவும்.