ரூட் கணக்கே போதுமா?

முத்தியால்பேட்டைக் கடையின் பில் மென்பொருளை யார் வந்து குடையப் போகிறார்கள், தரவுத்தளத்துக்கு எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கே போதும் என்கிறார் நண்பர். குடைகிறவன் ஊர் பார்த்தா வருகிறான்? 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாத மோங்கோடிபி தரவுத்தளங்களை ஆயிரக்கணக்கில் தேடிப்பிடித்து அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டார்கள். 2019-இல் ஸ்டேட் வங்கியின் எஸ்பிஐ குயிக் சர்வரே கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்தது. வாடிக்கையாளரின் இருப்புத் தொகை சொல்லும் குறுஞ்செய்திகள் அம்பலத்துக்கு வந்தன.

மென்பொருளுக்கென்று தனிக் கணக்கு வீண் வேலையாம்! மைஎஸ்கியூஎல்லில் ஒரு கிரியேட் யூசர், ஒரு கிராண்ட், இரண்டே வரி. பில் போட, படிக்கவும் சேர்க்கவும் திருத்தவும் உரிமை இருந்தால் போதும்; அட்டவணையையே தூக்கிவிடும் டிராப் எதற்கு? செயலியும் தரவுத்தளமும் ஒரே கணினியில்தானே ஓடுகின்றன? அந்தத் தனிக் கணக்கை லோக்கல்ஹோஸ்ட்டோடு நிறுத்துங்கள்.