சின்னப் பசுவுக்குப் பெரிய காளை வேண்டாம்: கலப்பினச் சேர்க்கை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

நாட்டுப் பசுவுக்கும், எந்த இனமானாலும் தலைச்சன் கிடாரிக்கும், ஹோல்ஸ்டீன் போன்ற பேரினங்களின் சினை ஊசி போடக்கூடாது. எங்கள் மாடு வளர்ப்போர் சங்கத்தின் முடிவு இது. கலப்பினத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களில் பலர் கொட்டகையில் ஜெர்சிக் கலப்பு நிற்கிறது. அதை மறைத்துக்கொண்டு நாட்டுமாட்டுப் பெருமை பேச எங்களுக்கு விருப்பமில்லை.

கலப்புக் கன்று வேகமாக வளரும் என்பது உண்மைதான். இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கும் நாடுகள் அந்த வளர்ச்சியைக் கிலோக் கணக்கில் அளந்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளே சென்டர் ஆய்வு மையம் 1969 முதல் பல இனக் காளைகளைச் சேர்த்துப் பார்த்து வருகிறது. ஐரோப்பிய இனங்களைத் தமக்குள் கலந்தால், பால் மறக்கும் வயதில் கன்றின் எடை பெற்றோர் இனங்களின் சராசரியைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 4, 5 பங்கு கூடும். திமிலுள்ள இனத்தோடு கலந்தால் இன்னும் அதிகம். ஆனால் இந்தக் கூடுதல் வீரியம் முதல் கலப்பில்தான் முழுதாகக் கிடைக்கும். அந்தக் கலப்புகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பாதிதான் மிஞ்சும். முதல் ஈத்துக் கன்றைப் பார்த்து மயங்கி, பிறகு கிடைத்த காளையையெல்லாம் சேர்க்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வளர்ச்சி வேறு, பிறக்கும்போது இருக்கும் எடை வேறு. கன்று எவ்வளவு பெரிதாகப் பிறக்கும் என்பதில் எந்த இனம் தாய் என்பதற்குப் பெரும் பங்குண்டு. வால்டன், ஹாமண்ட் என்ற இரு அறிஞர்கள் கேம்பிரிட்ஜில் செய்து 1938இல் வெளியிட்ட சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். ஷயர் என்னும் பெருங்குதிரையையும் ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டலில் இருவழியாகவும் கலந்தார்கள். ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாந்து தாய்க்குப் பிறந்ததைப்போல் சுமார் மூன்று மடங்கு எடை இருந்தது. கலந்த இரத்தம் ஒன்றே, சுமந்த வயிறுதான் வேறு.

மாட்டில் கதை இவ்வளவு சுலபமில்லை. திமிலுள்ள பிராமன் காளையை ஐரோப்பியப் பசுவோடு சேர்த்தால் கன்று, குறிப்பாகக் காளைக்கன்று, மிகக் கனமாகப் பிறக்கும். பிராமன் பசுவுக்கு ஐரோப்பியக் காளையைச் சேர்த்தால் சிறிய கன்று. நம் ஓங்கோல் மாடு பிரேசில் போய் நெல்லூர் பெயரோடே பெருகியிருக்கிறது. அந்தப் பசுக்களுக்கு அங்கே அங்கஸ் என்ற ஐரோப்பிய இனத்தின் விந்து செலுத்துகிறார்கள்; கன்று சிறிதாகப் பிறந்து பின்னால் நன்றாகத் தேறுகிறது.

அப்படியானால் நம் நாட்டுப் பசுவும் தாங்காதா என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். நெல்லூர்ப் பசு பெரிய உடம்புக்காரி. அங்கஸும் மிதமான அளவில் கன்று தரும் இனம். இங்கோ நாட்டுக்கன்று பிறக்கும்போது சுமார் 20 கிலோ, ஹோல்ஸ்டீன் கன்று 40 கிலோவை ஒட்டி. தாய் வயிறு ஓரளவுதான் கட்டுப்படுத்தும். இடுப்பெலும்பு விரியாத கிடாரிக்கு அந்த ஓரளவு போதாது. நடுராத்திரியில் பனிக்குடம் உடைந்து, கன்றின் முன்னங்கால் மட்டும் வெளியே தெரிய, டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஊசி போடுமுன் இது எத்தனையாவது ஈத்து என்று கேட்க வேண்டும். மாட்டின் உடம்பைப் பார்க்க வேண்டும். காளையின் இனத்தையும் எண்ணையும் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கலப்பு வேண்டும் என்பவர் நாட்டுப் பசுவுக்கு ஜெர்சியோடு நிறுத்திக்கொள்ளட்டும், அதுவும் முதல் ஈத்து கழிந்த பிறகு. காங்கயம், பர்கூர், உம்பளாச்சேரி, புலிக்குளம் மாடுகளின் சொந்த வட்டாரங்களில் அந்தந்த இனத்தின் உறைவிந்துக் குச்சி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். இல்லாததால்தான் பலர் கிடைத்ததைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, பலர் பேசக் கூசுவது. கலப்பினக் காளைக்கன்றுக்குப் பாலை மறித்துவிட்டுப் பிறகு அது தேறவில்லை என்கிறோம். எந்தக் கலப்பும் பட்டினியை ஈடுசெய்யாது. அந்தக் கன்று கடைசியில் பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளத்துக்கு இறைச்சிக்குப் போகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலையில் கிலோவுக்கு இடமில்லை. அதனால் கன்றைத் தேற்றுகிறவருக்கும் பட்டினி போடுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. மாட்டுச் சந்தைகளில் எடைமேடை வைத்து, விலை பேசுமுன் எடையைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறோம்.