முருகைக்கல் மிதிகல் அன்று

கடலடியிற் கிடப்பது கல். கல்லை மிதித்தால் கல்லுக்கு நோகுமா? நிலாவெளிக் கரையிலே இவ்வாறு கேட்டுச் சிரிக்கும் கனவான்கள் இருக்கின்றனர். அவர்கள் கல்லாதவர் அல்லர். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணிகள். சனி ஞாயிறுகளிலே சுழியோடும் கழகங்களோடு புறாத்தீவுக்குப் படகேறுவோர். வெட்கத்தோடு சொல்லுகிறோம்: அவர்களுள் நம்மவரும் உளர்.

முருகைக்கல் வெறுங்கல் அன்று. எண்ணிறந்த சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து, தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பிய ஊர் அது. நெடுந்தீவிலே அதனை மதிலாக அடுக்கியும் சூளையிலே நீற்றியும் பழகியவர்கள் நாம்; செத்த முருகையையே கண்டபடியால், உயிருள்ளதையும் கல்லென்று எண்ணிவிட்டோம். திரண்டு வளரும் முருகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளரும். ஆளுயரப் பாறையொன்று எழுவதற்கு நூறாண்டுக்கு மேல் வேண்டும். அதன் உயிரெல்லாம் மேலே போர்த்திய மெல்லிய தோலிலேதான் இருக்கிறது. நாற்றுமேடையிலே மாடு இறங்கினால் நமது கமக்காரன் தடியெடுப்பான். கடலின் நாற்றுமேடையிலே கனவான் இறங்கினால் தடியெடுப்பார் யார்?

புறாத்தீவின் கதையைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள இத்தீவை வெள்ளையர் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். 1963இல் அது சரணாலயமாயிற்று. 2003இல் சூழவுள்ள கடலோடு சேர்த்துத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் கடல் வெப்பம் இக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் பாறைத்தொடரிலும் முருகையை வெளிறச் செய்து மாய்த்தபோது, புறாத்தீவு பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. 2004இன் ஆழிப்பேரலைக்கும் ஈடுகொடுத்தது. 2009இலே போர் ஓய்ந்தது, வீதி திறந்தது, கூட்டம் வந்தது. வெப்பத்துக்கும் அலைக்கும் தப்பிய தீவு, விடுமுறைக்குத் தப்புமா என்பதே இன்றைய கேள்வி.

கழகத்தார் கூறும் மறுமொழியை நாம் அறிவோம். "கண்ணாற் கண்டவனே காப்பாற்றுவான்" என்கின்றனர். இதில் உண்மையில்லாமல் இல்லை. திருக்கோணமலைக் கடலடியிலே, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956இற் கண்டவர் மைக் வில்சன் என்னும் சுழியோடியே. சுழியோடும் கலைக்கு நாம் பகைவர் அல்லோம். நன்கு பயின்றவன் மிதந்து செல்வான், பாறையைத் தொடமாட்டான். ஆனால், கழகங்கள் அழைத்து வருவோரெல்லாம் பயின்றவர்களா? நீந்தத் தெரியாத நண்பனும் உறவினனும் இடுப்பளவு நீரிலே முருகைமேல் ஏறி நின்று படம் எடுக்கின்றனர். காலில் மாட்டிய துடுப்பு கிளை முருகையை முறிக்கின்றது. படகுக்காரன் பாறைமேலே நங்கூரத்தை வீசுகிறான். உடம்பிற் பூசிய வெயிற்களிம்பு நீரிற் கரைகின்றது. அத்தகைய களிம்புகளிற் சிலவற்றின் விற்பனையை ஹவாய் 2021 தொடக்கம் தடுத்துவிட்டது. இங்கோ அதைப் பற்றிய பேச்சையே காணோம். கண்டவன் காப்பான் என்றால், கண்டவர்கள் இத்தனை ஆண்டுகளாக வாய் திறவாதது ஏன்?

ஏழைக் கடற்றொழிலாளிக்கு மட்டும் சட்டம் விழித்திருக்கின்றது. வெடி வைத்து மீன் பிடிப்பவன் குற்றவாளி. அவனுக்காக நாம் வாதாடவில்லை. முருகையை அகழ்ந்து சுண்ணாம்பு சுட்டவனையும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தடுத்தன; அது நியாயமே. ஆனால் வயிற்றுக்காக ஒரு கல்லைப் பெயர்த்தவன் கள்வன், பொழுதுபோக்குக்காக ஒன்பது கல்லை முறித்தவன் விருந்தினன் என்பது எவ்வூர் நீதி? அம்முருகையிலே குஞ்சு பொரித்து வளரும் மீனே நாளை அவன் வலைக்கு வரவேண்டியது. பாறை செத்தால் கழகத்தார் வேறு கடலைத் தேடிப் போவார்கள். நிலாவெளியான் எங்கே போவான்?

"கொல்வது உலக வெப்பம், எங்கள் கால்கள் என்ன செய்யும்?" என்போரும் உண்டு. உலக முருகைகள் நான்காவது முறையாகப் பரந்த அளவில் வெளிறுவது 2024இல் அறிவிக்கப்பட்டது உண்மையே. காய்ச்சலிற் கிடப்பவனை மிதிக்கலாம் என்று எந்த வைத்தியர் சொல்லுவார்? வெளிறிய முருகை உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்து, தொந்தரவின்றி இருந்தால் மீளும். மீளுவதற்கு இடங்கொடுப்பது ஒன்றே நம் கையில் உள்ளது. கமக்காரரும் இதிலே முற்றாக விலகி நிற்க முடியாது. வயலிலிருந்து மழையோடு கடல் சேரும் மிகையான உரம் பாசியை வளர்க்கும். பாசி முருகையை மூடும்.

ஆகவே நாம் கேட்பவை பெரியன அல்ல. வனசீவராசிகள் திணைக்களம் படகுகளுக்கு மிதவை கட்டி, பாறைமேல் நங்கூரமிடுவதை அறவே நிறுத்தவேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று எல்லை வகுத்து, அதனைச் சனி ஞாயிறுகளிலும் தளர்த்தாது காக்கவேண்டும். அனுமதிச் சீட்டுப் பணத்திலே எவ்வளவு அத்தீவுக்கே செலவாகின்றது என்பதை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். காவற் பணியிலே நிலாவெளி இளைஞரை அமர்த்தவேண்டும். கழகங்களோ, ஆழமற்ற நீரிலே காலூன்றாது மிதக்கப் பழகாத எவரையும் படகில் ஏற்றலாகாது. அடுத்த பருவத்துக்குக் கடல் அமைதியாகுமுன் இதனைத் தத்தம் விதிகளில் எழுதிக்கொள்ளட்டும். எழுத மறுக்கும் கழகத்துக்கு நம்மவர் சந்தா கட்ட வேண்டியதில்லை.